சக்கர நாற்காலியில் ஆண்டாள் கோயிலுக்கு: சட்டம் தரும் வழியும் நாம் கேட்க வேண்டியதும்

"நாலு பேர் பிடிச்சாப் போதும் அண்ணாச்சி, அலாக்காத் தூக்கிட்டுப் போயிரலாம்."

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் சக்கர நாற்காலியோடு எந்தப் படிக்கட்டின் முன்னால் போய் நின்றாலும் இந்தக் குரல் கேட்கும். சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். பூக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், சாமி கும்பிட வந்த இளவட்டங்கள் என்று யாராவது ஓடி வந்து கைகொடுப்பார்கள். எங்கள் பக்கத்து மனிதர்களின் இந்தக் குணத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தூக்கலை நம்பியே சாய்தளம் கட்டாமல் பல ஆண்டுகளை ஓட்டிவிட்டோம். தூக்கிவிட ஆள் இருக்கும் வரை படிக்கட்டைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. தூக்கப்படுகிறவர் மட்டும் எப்போது வரலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எப்போது கிளம்பலாம் என்பதையெல்லாம் அடுத்தவர் தோளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. அதனால் பலர் வெளியே கிளம்புவதையே விட்டுவிடுகிறார்கள். "எதுக்கு எல்லாருக்கும் சிரமம்" என்று சொல்லி வீட்டிலேயே இருந்துவிடும் தாத்தாக்களும் அத்தைகளும் இல்லாத தெரு நம் ஊர்களில் அரிது.

ஊர் சுற்றிப் பார்ப்பதும் கோயிலுக்குப் போவதும் தேர் பார்ப்பதும் பொழுதுபோக்குதானே, இதற்கெல்லாம் சட்டமா என்று நினைக்கலாம். சட்டம் உண்டு, அதுவும் தெளிவாக. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. 'பொதுக் கட்டடம்' எது என்று அந்தச் சட்டம் சொல்லும் இடத்தை ஒவ்வொருவரும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அரசுடையதோ தனியாருடையதோ, பொதுமக்கள் வந்துபோகும் கட்டடம் எல்லாமே அதற்குள் அடங்கும். வணிகம், மருத்துவம், கல்வி ஆகியவற்றோடு சமயம், பண்பாடு, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்கான இடங்களையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் உண்டு. ஆக, ஆண்டாள் கோயிலும் பால்கோவாக் கடையும் தங்கும் விடுதியும் திருமண மண்டபமும் சட்டத்தின் பார்வையில் ஒரே கூரையின் கீழ்தான் இருக்கின்றன.

அதே சட்டத்தின் 45-வது பிரிவு, ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் தாங்களாக வந்துபோகும்படி மாற்றியமைக்க, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து 5 ஆண்டுகள் அவகாசம் தந்தது. விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது. சேவை தருவோருக்கு, தனியார் உட்பட, 46-வது பிரிவு 2 ஆண்டுகள்தான் தந்தது. புதுக் கட்டடமாக இருந்தால் 44-வது பிரிவின்படி அணுகும் வசதி இல்லாமல் கட்ட அனுமதியே தரக்கூடாது. கட்டி முடித்த சான்றும் தரக்கூடாது. தமிழ்நாட்டின் 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளிலும் இதற்கான ஏற்பாடுகள் உள்ளன. போன வருஷம் திறந்த கடையின் வாசலில் நாலு படி இருந்து சாய்தளம் இல்லையென்றால், அதற்கு அனுமதி தந்த அலுவலகத்தையும் சேர்த்துக் கேள்வி கேட்கலாம்.

2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில் தந்த தீர்ப்பு இதற்கு இன்னும் பலம் சேர்த்தது. பார்வைக் குறைபாடுள்ள ஒருவர் தொடுத்த வழக்கு அது. 2017 விதிகளில் அணுகல் தரங்களை வெறும் வழிகாட்டுதல்களாக வைத்திருந்த 15(1)-வது விதி, மூலச் சட்டத்துக்கே முரணானது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. எவ்வளவு குறைந்தாலும் இதற்குக் கீழே போகக்கூடாது என்ற கட்டாயத் தரங்களை 3 மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. 'முடிந்தால் செய்கிறோம்' என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் காலம் சட்டப்படி முடிந்துவிட்டது.

தமிழ்நாட்டில் 1947-ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம், சாதியைச் சொல்லி அடைத்து வைத்திருந்த கோயில் கதவுகளைத் திறந்தது. கதவு திறந்த பிறகும் உயரமான நிலைப்படியைத் தாண்ட முடியாமல் வெளியிலேயே நிற்கும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களுக்கான உள்நுழைவுச் சட்டம் இந்த 2016 சட்டம்தான் என்பது என் துணிபு.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வருவோம். கோயில் இரண்டு பகுதிகள் கொண்டது. தமிழக அரசின் முத்திரையோடு நாம் சேர்த்துப் பேசும் 11 நிலை ராஜகோபுரம் வடபத்ரசாயி சந்நிதிக்கு உரியது. பள்ளிகொண்ட பெருமாள் மாடி போன்ற மேல்தளத்தில் இருக்கிறார்; கல் படிகளில் ஏறித்தான் சேவிக்க வேண்டும். ஆண்டாள் சந்நிதி தனி வளாகம். இரண்டுக்கும் நடுவில் பெரியாழ்வார் துளசிச் செடியின் அடியில் குழந்தை ஆண்டாளைக் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் நந்தவனம். சக்கர நாற்காலியில் வருபவருக்கு இந்த மூன்றும் மூன்று விதமான சவால்கள். நந்தவனத்தையும் வெளிப்பிராகாரத்தையும் மண்டபத் தூண்களின் சிற்பங்களையும் நிதானமாகப் பார்க்கத் தடையாக இருப்பவை வாசல் நிலைகளும் சில படிகளும்தான். கழற்றி மாட்டும் மரச் சாய்தளம் போதும். மேல்தளத்துப் பெருமாளைச் சேவிப்பது அப்படியல்ல. அங்கே பழைய கல் கட்டுமானம் குறுக்கே நிற்கிறது.

இங்கேதான் சட்டம் பயன்படுத்தும் 'நியாயமான ஏற்பாடு' என்ற கருத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அளவுக்கு மீறிய சுமை ஏற்படாதவாறு, அந்த நபருக்குத் தேவையான, பொருத்தமான மாற்றங்களைச் செய்து தருவது என்பது அதன் பொருள். எட்டாம் நூற்றாண்டு ஆழ்வாரோடு சேர்த்துப் போற்றப்படும் கோயிலின் படிக்கட்டை இடித்துத் தள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. படியேறும் சக்கர நாற்காலி வாங்கி வைக்கலாம். பயிற்சி பெற்ற பணியாளர் இருவரை அதற்கென்று அமர்த்தலாம். உற்சவர் கீழே எழுந்தருளும் வேளையை முன்கூட்டியே அறிவித்து, அப்போது மாற்றுத்திறனாளிகளுக்கு முன்வரிசை தரலாம். இவற்றில் எதையுமே செய்யாமல் "பழைய கோயில், ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்வது நியாயமான ஏற்பாட்டை மறுப்பதுதான். அப்படி மறுப்பதையே பாகுபாடு என்று சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது.

பாரம்பரியச் சின்னம் என்ற தடைக்கும் பதில் வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. 2001 ஜனவரியில் இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங் டெல்லிக்கு வந்தபோது, குதுப்மினாரையும் செங்கோட்டையையும் பார்க்க விரும்பினார். மாற்றுத்திறனாளிகள் இயக்கத்தின் முன்னோடி ஜாவேத் ஆபிதியும் அவருடைய தோழர்களும் வலியுறுத்திய பிறகு, தொல்லியல் துறை அந்த இடங்களில் மரச் சாய்தளங்களை அமைத்தது. ஒரு கல்கூடப் பெயரவில்லை. உலகப் புகழ் பெற்ற விருந்தாளிக்குச் சில நாட்களில் செய்ய முடிந்ததை, ராஜபாளையம் முடங்கியார் சாலையிலிருந்து வரும் ஒரு பாட்டிக்கும் செய்ய முடியும்.

கோயிலுக்குள் வெளிச் சக்கரம் வரலாமா என்ற கேள்வியும் எழும். தூய்மை பற்றிய கவலை பக்தர்களுக்கு உண்மையாகவே இருக்கிறது. அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கோயிலே சொந்தமாகச் சில சக்கர நாற்காலிகள் வைத்துக்கொள்வது ஒரு வழி. சக்கரங்களைக் கழுவித் துடைத்த பின் அனுமதிப்பது மற்றொன்று. ஆனால் முதுகுத்தண்டு பாதித்தவருக்கு எல்லா நாற்காலியும் ஒத்துவராது. அவருடைய நாற்காலி அவர் உடம்புக்கு அளவெடுத்தது, மெத்தையும் அப்படியே. "எங்கள் நாற்காலிக்கு மாறுங்கள்" என்று கட்டாயப்படுத்தினால் புண் வர வாய்ப்பிருக்கிறது. அவருடைய நாற்காலி அவர் காலுக்குச் சமம் என்பதை வாசலில் நிற்கும் காவலருக்கும் சொல்லித்தர வேண்டும்.

இனி ஆபத்துகள். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் அக்கறையோடு செய்யும் உதவியிலேயே பெரிய காயங்கள் ஏற்படுகின்றன.

நாற்காலியைத் தூக்கும்போது கைப்பிடியையோ கால்தாங்கியையோ பிடித்துத் தூக்கக் கூடாது. பல நாற்காலிகளில் அவை கழன்று வரும் பாகங்கள். பாதி உயரத்தில் கையோடு வந்துவிடும். அசையாத இரும்புச் சட்டத்தை மட்டும் பிடிக்க வேண்டும். படி ஏறும்போது நாற்காலியின் முதுகுப் பக்கம் படியை நோக்கி இருக்க, பின்னால் சாய்த்து ஒவ்வொரு படியாக இழுக்க வேண்டும். இறங்கும்போது அமர்ந்திருப்பவர் முகம் இறங்கும் திசையைப் பார்க்க, நாற்காலி பின்பக்கம் சாய்ந்தபடியே வர வேண்டும். செங்குத்தான சரிவில் இறக்கும்போது மட்டும் உதவுபவர் பின்னோக்கி நடந்து வருவது நல்லது. இல்லாவிட்டால் அமர்ந்திருப்பவர் முன்னால் சரிந்து விழுவார். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்படித் தூக்குவது என்று அமர்ந்திருப்பவரிடமே கேளுங்கள். அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது.

கோயில் கருங்கல் தரை உச்சிவெயிலில் எப்படிக் கொதிக்கும் என்பது நம் உள்ளங்கால்களுக்குத் தெரியும். எட்டி எட்டி ஓடிவிடுவோம். இடுப்புக்குக் கீழே உணர்வற்றவரின் பாதம் அந்தக் கல்லில் பட்டால் அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து பார்க்கும்போது கொப்புளம் நிற்கும். ஆற மாதக்கணக்கில் ஆகும். செருப்பைக் கழற்றினாலும் கெட்டியான காலுறை போட்டுக்கொள்ள அனுமதி கேளுங்கள். விளக்கு எண்ணெய் சிந்திய கல்லில் சக்கரம் வழுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அழுத்தப் புண் இன்னொரு பேராபத்து. ஒரே நிலையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் இடுப்பெலும்பு அழுத்தும் இடத்தில் சதை செத்துவிடும். கால் மணி, அரை மணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்தோ கைகளை ஊன்றி எழும்பியோ அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். வரிசையில் 2 மணி நேரம் நெருக்கியடித்து நிற்க வைத்தால் இது முடியாது. மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி வரிசை என்பதைச் சலுகையாக நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கழிப்பறை பற்றிப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. போகும் ஊரில் நாற்காலி நுழையும் கழிப்பறை இருக்காது என்ற பயத்தில் முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீர் குடிக்காமல் கிளம்புகிறவர்கள் ஏராளம். விருதுநகர் மாவட்டத்து வெயிலில் அது சிறுநீர்த் தொற்றிலும் மயக்கத்திலும் கொண்டுபோய் விடும். மார்பு முள்ளெலும்பு ஆறாவதிலோ அதற்கு மேலோ தண்டுவடம் பாதித்தவருக்குச் சிறுநீர்ப்பை நிரம்பி, வெளியேற வழியில்லாமல் போனாலே ரத்த அழுத்தம் சடாரென்று ஏறும். மண்டை இடிக்கும், முகம் சிவக்கும், வியர்க்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீரை வெளியேற்ற வேண்டும். குழாய் மடங்கியிருக்கிறதா பாருங்கள். குறையாவிட்டால் 108-ஐ அழைத்து, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. பல பொது இடங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை என்று பலகை மாட்டிவிட்டு, உள்ளே விளக்குமாறும் பெயின்ட் டப்பாவும் அடுக்கிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். இந்தப் பூட்டு ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பக்கூடும் என்று சாவி வைத்திருப்பவருக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும்.

சாய்தளம் என்ற பெயரில் கட்டப்படுவதில் பாதி, பைக்கை ஏற்றுவதற்குப் போட்ட சிமென்ட் மேடுதான். சரியான அளவு 1:12. அதாவது 1 அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். வாசல் 2 அடி உயரம் என்றால் 24 அடி. அகலம் குறைந்தது 1200 மில்லிமீட்டர், இரு பக்கமும் கைப்பிடி, கதவு 900 மில்லிமீட்டர் திறப்பு, உள்ளே நாற்காலி திரும்ப 1500 மில்லிமீட்டர் வட்டம். மத்திய அரசு 2021-இல் வெளியிட்ட ஒருங்கிணைந்த அணுகல் வழிகாட்டுதல்கள் இப்படித்தான் சொல்கின்றன. ஒரு அளவு நாடா போதும்; உங்கள் தெருவின் வங்கியையும் மண்டபத்தையும் நீங்களே அளந்துவிடலாம்.

ஊருக்கு வந்து சேர்வதே பெரும்பாடு. பொதிகை, சிலம்பு விரைவு ரயில்கள் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நிற்கின்றன. ஆனால் சில நிமிடங்கள்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான பெட்டி பெரும்பாலும் ரயிலின் ஒரு முனையில் இருக்கும். நடைமேடையில் அது எங்கே வந்து நிற்கும் என்று 139-இலோ நிலைய அதிகாரியிடமோ முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். துணையில்லாமல் பயணம் செய்ய முடியாத உடல் குறைபாடு உள்ளவருக்குப் படுக்கை வகுப்பிலும் மூன்றடுக்கு ஏசியிலும் 75 சதவீதம் கட்டணச் சலுகை உண்டு. கூட வருபவருக்கும் அதே சலுகை. ரயில்வே தரும் அடையாள அட்டை எடுத்துவிட்டால் இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் நிலையங்கள் அம்ரித் பாரத் திட்டத்தில் இருக்கின்றன. முகப்பு அலங்காரத்துக்கு முன்னால் சாய்தளமும் கழிப்பறையும் முறையாக அமைகின்றனவா என்று இப்போதே கேட்பதுதான் புத்திசாலித்தனம். கட்டி முடித்த பிறகு இடித்துக் கட்டச் சொல்வது கடினம்.

நகரப் பேருந்தில் கட்டணமில்லாப் பயணம் 2021 முதல் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வருபவருக்கும் உண்டு. ஆனால் டிக்கெட் இலவசமாகி என்ன, முதல் படி முழங்கால் உயரத்தில் இருக்கும்போது? சென்னையில் 2024 ஆகஸ்டில் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின; அவை பக்கவாட்டில் தாழ்ந்து கொடுக்கும், சக்கர நாற்காலி ஏறச் சாய்வுப் பலகையும் உண்டு. ராஜபாளையம் – ஸ்ரீவில்லிபுத்தூர் இடையே காலை முதல் இரவு வரை எத்தனை பேருந்துகள் போய் வருகின்றன! இந்த ஒரு வழித்தடத்தில் அத்தகைய வண்டி சிலவற்றை விடச் சொல்லிக் கேட்பது அதிகப்படியான ஆசை அல்ல. அரசு தரும் இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் கோபுர வாசல் வரை தாமே ஓட்டி வருகிறவர்களும் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்கு வேண்டியது வாசலருகே நிறுத்துமிடமும் அங்கே ஒரு சக்கர நாற்காலியும் மட்டும்தான்.

மலையடிவாரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ராஜபாளையம் அய்யனார் கோயில் ஓடை, செண்பகத்தோப்பு, காட்டழகர் கோயில் ஆகியவை பாறையும் வேரும் நீரோடையும் கலந்த வழிகள். 2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் பட்டவை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே பெய்தால் கீழே வெயிலடிக்கும்போதே ஓடையில் வெள்ளம் வரும். வேகமாக எழுந்து ஓட முடியாதவரை ஓடையின் நடுவில் கொண்டுபோய் உட்கார வைப்பது, எவ்வளவு ஆசையோடு செய்தாலும், தவறு. இங்கே ஒரு பாதையை சிமென்ட் போட்டு மூடவும் நான் சொல்ல மாட்டேன். காட்டுக்கும் உரிமை இருக்கிறது. ஆனால் சோதனைச்சாவடி வரை வண்டி போகும் இடத்தில், மலையைப் பார்த்தபடி உட்கார ஒரு சமதளமும் பயன்படுத்தத்தக்க கழிப்பறையும் அமைக்கலாம். ஆறாவது மைல் நீர்த்தேக்கப் பக்கம் சாலையிலிருந்தே மேற்குத் தொடர்ச்சி மலை கண் நிறையக் கிடைக்கிறது. சோளிங்கர் நரசிம்மர் மலையில் 2024-இல் ரோப்கார் வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்னும் குன்றின் மேல் இருக்கும் சீனிவாசப் பெருமாளைப் புரட்டாசி சனிக்கிழமைகளில் சேவிக்க ஏங்கும் முதியோருக்கும் ஒரு வழி பிறக்க வேண்டும் என்று கேட்கலாம்.

எங்கே போக முடியும், எங்கே முடியாது என்பதை முன்கூட்டியே சொல்லும் விஷயத்தில், சொகுசுக் கப்பல் பயணத்திலிருந்து ஒன்றை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. கப்பல் ஒரு துறைமுகத்தில் சில மணி நேரமே நிற்கும். அதற்குள் சக்கர நாற்காலியில் இருப்பவர் இறங்கி, ஊர் பார்த்து, திரும்ப வேண்டும். அதனால் நல்ல நிறுவனங்கள் முன்பே சொல்லிவிடுகின்றன: இந்த ஊரில் கப்பல் கரையில் அணையாது, சிறு படகில் மாற வேண்டும், உங்களால் இறங்க முடியாமல் போகலாம், இந்தச் சுற்றுலாவில் இத்தனை படி, இந்த வண்டியில் லிஃப்ட் இருக்கிறது, அந்த வண்டியில் இல்லை. அந்த நிறுவனங்களும் நல்ல மனதால் மட்டும் இதைச் செய்யவில்லை. அமெரிக்காவில் சக்கர நாற்காலிப் பயணிகள் நார்வேஜியன் குரூஸ் லைன் மீது வழக்குப் போட்டு, வெளிநாட்டுக் கொடியோடு வரும் கப்பலுக்கும் அந்நாட்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொருந்தும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றத்திலேயே தீர்ப்பு வாங்கினார்கள்.

நமக்குப் பக்கத்துத் துறைமுகம் தூத்துக்குடி. அங்கே இறங்குபவர் ஆண்டாளைப் பார்க்க வருவாரோ இல்லையோ, மதுரையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் குடும்பத்தோடு காரில் வருபவர்கள் தினமும் உண்டு. அவர்களுக்கு ஒரு பக்கத் தகவல் போதும். எந்த வாசலில் எத்தனை படி, எங்கே சாய்தளம், கழிப்பறைக் கதவு எவ்வளவு அகலம், நாற்காலி இரவல் கிடைக்குமா, யாரைக் கூப்பிட வேண்டும். கோயில் அலுவலகமும் நகராட்சியும் இதை ஒரு பலகையில் எழுதி வைக்கலாம், இணையதளத்தில் போடலாம். செலவென்று பெரிதாக எதுவும் ஆகாது. அதிலும் ஆடிப்பூரத் தேருக்கு லட்சக்கணக்கில் கூட்டம் சேரும் நாளில், ரத வீதியில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று தடுப்பு கட்டிய ஓர் இடத்தை ஒதுக்கி முன்பே அறிவித்தால், எத்தனையோ பேர் பல ஆண்டுகளுக்குப் பிறகு வடம் அசைவதை நேரில் பார்ப்பார்கள்.

நம்மால் ஆகாது என்று சொல்பவர்கள் தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடிக்குப் போய்ப் பார்க்கலாம். 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயுள்ள எஸ். சங்கரராமன் அவரோடு சேர்ந்து அதை வளர்த்தார். சக்கர நாற்காலியிலிருந்தே இருவரும் ஒரு கிராமத்தை மறுவாழ்வு மையமாக்கினார்கள். ராமகிருஷ்ணனுக்கு 2020-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மிடமிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடும் தூரத்தில் இது நடந்திருக்கிறது.

உரிமை மறுக்கப்பட்டால் என்ன செய்வது? முதலில் எழுதுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும். கோயில் என்றால் செயல் அலுவலருக்கும் அறநிலையத்துறை இணை ஆணையருக்கும், பேருந்து நிலையம், சாலை, நடைபாதை என்றால் நகராட்சி ஆணையருக்கும், காட்டுப்பகுதி என்றால் புலிகள் காப்பகத் துணை இயக்குநருக்கும், ரயில் நிலையம் என்றால் மதுரைக் கோட்ட ரயில்வே மேலாளருக்கும். தேதி, நேரம், படிகளின் உயரம், புகைப்படம் எல்லாம் சேர்த்துப் விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். நகலை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்திலுள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு அனுப்புங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் நேரிலும் கொடுக்கலாம். முதல்வரின் உதவி எண் 1100. மத்திய அரசின் சுகம்ய பாரத் செயலியில் படத்தோடு புகார் பதியலாம்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் செலவில் கேளுங்கள்: இந்தக் கட்டடத்தில் அணுகல் தணிக்கை எப்போது நடந்தது, 45-வது பிரிவின்படி என்ன செய்தீர்கள், எவ்வளவு ஒதுக்கினீர்கள்? 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தக் கேள்வி போன பிறகு பல இடங்களில் வேலை நகரத் தொடங்கிவிடும்.

அதற்கு மேல் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் இருக்கிறார். சிவில் நீதிமன்றத்துக்குரிய அதிகாரங்களோடு விசாரிக்கலாம், ஆட்களை வரவழைக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிய புகாரே போதும். அவர் பரிந்துரை செய்தால் சம்பந்தப்பட்ட அலுவலகம் என்ன செய்தது என்பதை 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். ரயில்வே போன்ற மத்திய அரசு அமைப்புகள் என்றால் டெல்லியிலுள்ள தலைமை ஆணையருக்கு எழுத வேண்டும். சட்டத்தை மீறினால் 89-வது பிரிவின்படி முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம். பலர் முன்னிலையில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் 92-வது பிரிவு 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை சொல்கிறது. "நீயெல்லாம் ஏன் கூட்டத்துக்குள்ள வர்றே" என்று ஏளனம் செய்பவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சக்கர நாற்காலி வசதி உண்டு என்று விளம்பரம் செய்து, பணம் வாங்கிவிட்டு, போய்ப் பார்த்தால் லிஃப்டுக்கே மூன்று படி என்றிருக்கும் விடுதியும் சுற்றுலா ஏற்பாட்டாளரும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருவார்கள். 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. முன்பதிவின்போது அவர்கள் எழுதியனுப்பிய செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. எனவே தொலைபேசியில் கேட்டதையும் எழுத்தில் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று ஒதுங்கவும் வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவு, மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி தருகிறது. நம் மாவட்டத்தின் தலைநகர் விருதுநகர் என்றாலும், மாவட்ட நீதிமன்றமும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே இருக்கின்றன. தொலைபேசியில் 15100. அடுத்த முறை ஆண்டாளைச் சேவிக்க வரும்போது, உங்கள் புகாரையும் புகைப்படங்களையும் ஒரு உறையில் போட்டு எடுத்து வாருங்கள். அந்த ஆணைக்குழு அலுவலக வாசலிலும் படிக்கட்டு குறுக்கே நின்றால், அதையும் படமெடுத்து அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.